இரண்டாம் அங்கத்தில் பிணம் எழுந்து போனது ஏன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு நாடக அரங்கில் கிடைத்தது. மேடை நடுவே ஒரு மேஜை. அதன்மேல் வெள்ளைத் துணி போர்த்திய பிணம். பிணத்தைச் சுற்றி நின்று வாரிசுகள் வீட்டை யார் எடுத்துக்கொள்வது என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். மூத்த மகனாக நடித்தவர் நெஞ்சில் கைவைத்து, "அம்மா, நீ மட்டும் இருந்திருந்தா" என்று கதறினார். அம்மா எழுந்தார். துணியை நாலாக மடித்து மேஜைமேல் வைத்தார். குனிந்து செருப்பைத் தேடினார், கிடைக்கவில்லை. வெறுங்காலோடு பக்கத் திரைக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார், படுத்தார், துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடியும் செத்துப்போனார்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நாடகம் முடிந்ததும் நான் பின்வாசலுக்குப் போனேன். பிணம் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. எழுந்து போனதற்கு என்ன காரணம் என்று நேராகவே கேட்டேன்.

"ஒண்ணுக்கு வந்துச்சு" என்றார்.

கதை பிறந்த கதை இவ்வளவுதான். மற்ற எழுத்தாளர்களுக்கு ஒளிக்கீற்று, கனவு, கடற்கரையில் ஒற்றைக் காலடித் தடம் என்று ஏதாவது அமைகிறது. எனக்கு அமைந்தது இது.

2

ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். வயதான பெண்களுக்குத் திரும்பத் திரும்ப வருவதாகச் சொல்லப்படும் சிறுநீர்த் தொற்று, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் தப்பாகக் கண்டுபிடிப்பது என்பதுதான் கதை என்றேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, இதயநோயாக மாற்ற முடியுமா என்று கேட்டார். இதயத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் உடம்பில் ஒரு முழம்தான் இடைவெளி. இலக்கியத்தில் அது ஏழு கடல்.

யோசித்துப் பாருங்கள். கதாநாயகிகள் இருமியிருக்கிறார்கள், கைக்குட்டையில் ரத்தம் பார்த்திருக்கிறார்கள், பெயர் தெரியாத காய்ச்சலில் பிதற்றியிருக்கிறார்கள். மயங்கி விழாதவர்களே குறைவு. ஒருத்திக்காவது நீர்க்கடுப்பு வந்ததுண்டா? கதை முழுவதும் ஒரு தடவைகூடக் கழிவறைக்குப் போகாமல் முந்நூறு பக்கம் காதலிக்கிறார்கள். இதற்கே ஒரு மருத்துவப் பரிசோதனை தேவை.

ஆகவே துணிந்து தொடங்கினேன். முதல் தொடக்கம்:

மனித உடல் என்பது காலம் தன் நதிகளை ஓடவிடும் ஒரு

[நதி வந்தவுடனேயே நிறுத்திவிட்டேன். இந்த விஷயத்தில் நதி என்று எழுதுகிறவனை நம்பக் கூடாது.]

இரண்டாவது தொடக்கம்:

ஆறு மாதத்தில் இரண்டு முறையோ, ஓராண்டில் மூன்று முறையோ தொற்று வந்து, ஒவ்வொன்றும் பரிசோதனையில் உறுதியானால்தான் அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்று

[இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மருந்துக்கடையில் இலவசமாகக் கொடுக்கும் தாளில் இது ஏற்கெனவே இருக்கிறது, படத்தோடு.]

மூன்றாவது தொடக்கம் அண்ணி. அவரிடமே தொடங்கியிருக்க வேண்டும்.

3

நாடகக் குழுவில் எல்லோருக்கும் அவர் அண்ணி. உண்மையில் அவர் இயக்குநருக்கு மட்டும்தான் அண்ணி; காலமான அண்ணனின் மனைவி. இயக்குநர் அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு விளக்குப் போடுகிறவரும், மூத்த மகனாக நடிக்கிற வங்கி ஊழியரும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள். அவரைவிட மூத்த ஒப்பனைக்காரர்கூட அண்ணி என்பார். எழுபதைத் தாண்டியவர். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மூக்கிலேயே வைத்துக்கொண்டு தேடுவார். அடுப்பில் பால் வைத்ததை மறப்பார். ஆனால் வாழ்நாளில் ஒரு வசனம் மறந்ததில்லை. ஒருமுறை வாயில் ஏறிவிட்டால் மூச்சு விடும் இடம், கை எழும் இடம் எல்லாம் சேர்ந்து கல்வெட்டாகிவிடும். (இந்தப் பெருமையைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். கதையின் சனியனே இதுதான்.)

இந்த நாடகத்தில் அவருக்கு வசனமே இல்லை. இரண்டாம் அங்கத்தில் திரை விலகும்போதே செத்திருப்பார். பாவம் என்று நினைக்க வேண்டாம், அவராகவே கேட்டு வாங்கிக்கொண்ட வேடம் அது. பேசி நடிக்க யாராலும் முடியும், ஒரு அங்கம் முழுக்கச் செத்துக் கிடப்பதற்குத்தான் ஆள் வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்கென்று சில நுட்பங்கள் வைத்திருந்தார். மூத்த மகன் கத்தும்போது எல்லோரும் அவனைத்தான் பார்ப்பார்கள். மூச்சை அப்போது விட வேண்டும். எச்சில் விழுங்குவதற்கு மருமகள் குவளையை உடைக்கும் நேரம். மூக்கு அரித்தால் மனதுக்குள் வாய்ப்பாடு.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு விதி. நாடகம் இருக்கும் நாளில் மதியத்துக்குமேல் ஒரு சொட்டுக் கிடையாது. ஒத்திகை நாளிலும் அப்படித்தான். போகப்போக எல்லா நாளும் ஒத்திகை நாள் மாதிரி ஆகிவிட்டது.

இப்படிப்பட்ட பிணம்தான் மேடையிலிருந்து எழுந்து போனது. ஊர் கைதட்டியது. அண்ணிக்கு அவமானத்தில் காது சுட்டது.

4

இனி நோயின் வரலாறு. இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், வரலாறு என்றாலே இரண்டாவது பக்கத்திலேயே தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதல் தடவை வந்தது நிஜம். குளிர் நடுக்கியது, சிறுநீர் போகும்போது மிளகாய் தடவியதுபோல எரிந்தது, காய்ச்சல் ஏறியது. பெரிய மருத்துவமனையில் பெரிய டாக்டர் ஒருவர் பார்த்தார். அவர் அண்ணியிடம் பேசவில்லை. கூட நின்ற பயிற்சி மருத்துவர்களிடம் அண்ணியைப் பற்றிப் பேசினார், பழைய கோபுரத்தைக் காட்டும் வழிகாட்டியைப் போல. மாத்திரை கொடுத்தார்கள், சரியானது.

பிறகு மகள் களத்தில் இறங்கினாள்.

[மகளை முதல் வரைவில் வில்லியாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அம்மாவை நடுக்கத்தோடு காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனவள் அவள். அன்று பயந்தவள்தான், இன்னும் பயம் தெளியவில்லை. பயந்த பிள்ளையை வில்லியாக்குவது எழுத்தாளனுக்குச் சுலபம், அதனாலேயே கூடாது.]

மகள் ஒரு டப்பா பரிசோதனைப் பட்டை வாங்கிக் குளியலறை அலமாரியில் வைத்தாள். சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறும், டப்பாமேல் இருக்கும் வண்ணக் கட்டங்களோடு ஒப்பிட வேண்டும். வீட்டுக்குப் பெயின்ட் தேர்ந்தெடுத்தபோதுகூட அவள் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. நிறம் கொஞ்சம் ஊதாப் பக்கம் சாய்ந்தாலும், வாடை கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும், "அம்மா, கிளம்பு". மதியத்துக்குமேல் தண்ணீரே குடிக்காதவருக்கு வாடை தூக்கலாக இல்லாமல் பன்னீர் மாதிரியா இருக்கும்? இதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. நானும்தான். கதையின் பாதி வரை நானும் கிருமியைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு கிளினிக். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி: என்ன தொந்தரவு? அண்ணி சொல்வார், மருந்துச்சீட்டு வரும். மாத்திரை வயிற்றைப் புரட்டும், வாய் கசக்கும், நாலு நாள் கழித்து நல்லாயிருப்பதாகத் தோன்றும், பிறகு மறுபடி பட்டை ஊதா.

5

பிணம் எழுந்துபோன நாடகத்துக்கு விமர்சனம் வெளிவந்தது அடுத்த வாரம். மரணம் தன்னையே மறுதலிக்கும் கணம் என்று எழுதியிருந்தார் விமர்சகர். வெறும் பாதங்களில் அவர் வரலாற்றின் நிர்வாணத்தைக் கண்டார். செருப்பைத் தேடியதற்குத் தனியாக ஒரு பத்தி.

அன்று மேடை ஓரத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்ட இயக்குநர், அதைப் படித்து முடித்ததும் ஆள் மாறிவிட்டார். அது ஆரம்பத்திலிருந்தே தன் மனதில் இருந்த கற்பனைதான் என்று குழுவிடம் சொன்னார். மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது அவரே அதை நம்பியிருந்தார். சில மாதம் கழித்து வெளியூர்ப் போட்டி. அதில் பிணம் ஒவ்வொரு முறையும் எழும் என்றார். நீல விளக்கு வரும், புல்லாங்குழல் வரும், பிணம் எழும்.

அண்ணி வெற்றிலைப் பெட்டியைத் தட்டி

[வெற்றிலைப் பெட்டி எங்கிருந்து வந்தது? அவருக்கு அந்தப் பழக்கமே இல்லை. வயதான பெண் கோபப்படும் காட்சி என்றால் கை தானாக ஒரு பெட்டியைத் தேடுகிறது.]

அண்ணி ஒன்றையும் தட்டவில்லை. ஒப்பனை அறையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே கண்ணாடி வழியாக இயக்குநரைப் பார்த்தார்.

"என் அவசரத்துக்குப் போய் நீ அர்த்தம் கண்டுபிடிச்சிருக்கியே."

"அண்ணி, கலையில எல்லாத்துக்கும் அர்த்தம் உண்டு."

"அன்னைக்கு நான் கீழேயே விட்டிருந்தா அதுக்கு என்னடா அர்த்தம் சொல்லியிருப்பே?"

இயக்குநர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார் என்பதுதான் கொடுமை.

அண்ணி கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். போட்டிக்கு முன்னால் ஒரு முழு ஒத்திகை. அதில் அங்கம் முழுக்க அசையாமல் கிடந்து காட்டினால் பிணம் பிணமாகவே இருக்க வேண்டும். இயக்குநர் சரி என்றார். முடியாது என்பது அவருக்குத் தெரியும். இரண்டு ஒத்திகைகளில் அண்ணி பாதியில் கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டதையும், "அண்ணி, செத்தவங்க அப்படிப் படுக்க மாட்டாங்க" என்று தானே சொன்னதையும் அவர் மறக்கவில்லை.

ஆக, எழுபது வயதுக்குமேல் ஒருத்திக்கு உலகத்தில் வேண்டியிருந்தது இவ்வளவுதான்: ஒழுங்காகச் சாக வேண்டும், அங்கம் முடியும் வரை.

6

இப்போது டாக்டர் வர வேண்டும். இந்தக் கதாபாத்திரத்தில்தான் எனக்கு அதிகச் சந்தேகம். முதல் வரைவில் நரைத்த தலை, கனிந்த கண்கள், மேஜையில் ஒரு சிறிய செடி. அவர் சாய்ந்து உட்கார்ந்து "அம்மா, உடல் பொய் சொல்வதில்லை" என்றார். உடனே வெளியேற்றினேன். உடல் நன்றாகவே பொய் சொல்லும். இந்தக் கதையே அதற்குச் சாட்சி.

இருக்கிற டாக்டரையே எழுதுகிறேன். தெருமுனைக் கிளினிக்கில் உட்காரும் ஐம்பது வயதுப் பெண். அவர் சாப்பிட்டு முடித்த மதிய உணவை யாரும் பார்த்ததில்லை. டப்பா திறந்தே இருக்கும், நடுநடுவே ஒரு வாய். அண்ணி ஏற்கெனவே இரண்டு தடவை அவரிடம் போயிருக்கிறார். இரண்டு தடவையும் மாத்திரை எழுதிக் கொடுத்தவர்தான். மேதை எல்லாம் இல்லை.

என்ன தொந்தரவு என்று கேட்டார். அண்ணி கையை அடிவயிற்றில் வைத்தார்.

"போகும்போது எரியுது டாக்டர். போயிட்டு வந்த உடனே மறுபடி போகணும்போல இருக்கு. அடக்கவே முடியல." ஒரு பெருமூச்சு. "வயசாயிடுச்சு பாருங்க."

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. டாக்டர் யாரிடமோ தண்ணீர் மோட்டாரைப் பற்றிச் சண்டை போட்டுவிட்டு வந்து, என்ன சொன்னீர்கள், திரும்பச் சொல்லுங்கள் என்றார். அண்ணி திரும்பச் சொன்னார். கை அதே இடத்துக்குப் போனது. பெருமூச்சு அதே இடத்தில் வந்தது. டாக்டர் ஸ்பூனைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசி வரியைச் சேர்ந்தே சொன்னார்:

"வயசாயிடுச்சு பாருங்க."

மகள் திடுக்கிட்டாள். அண்ணி சிரிக்கவில்லை.

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க" என்றார் டாக்டர்.

"அதே தொந்தரவுதானே டாக்டர்."

"தொந்தரவு அதேயா இருக்கலாம்மா. மூச்சும் அதே இடத்துலயா விடுவீங்க?"

* இங்கே ஒரு விளக்கம். அண்ணி பொய் சொல்லவில்லை. முதல் தடவை அவ்வளவும் உண்மை. அன்று அந்தச் சொற்களைச் சொன்னார், வலி தீர்ந்தது. அவர் மனம் அதை வெற்றி பெற்ற காட்சியாகப் பதிவுசெய்துகொண்டது. பிறகு எப்போது "என்ன தொந்தரவு" என்ற கேள்வி விழுந்தாலும் பதில் தானாக எழுந்து வந்து நின்றது. நடிகர்களுக்கு மட்டுமே வரக்கூடிய உபாதை. நமக்கெல்லாம் வசனம் மறந்துபோகும், அதனால் நாம் டாக்டரிடம் உளறி, சமயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறோம்.

டாக்டர் டப்பாவை மூடினார். கோர்வையாகச் சொல்ல வேண்டாம், இன்றைக்குக் காலையில் எழுந்ததிலிருந்து என்ன ஆனது என்று தோன்றினபடி சொல்லுங்கள் என்றார்.

அண்ணி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

[இந்த இடத்தில் அவருக்காக ஒரு பக்கம் வசனம் எழுதி வைத்திருந்தேன். நல்ல வசனம். பெண்ணுடல், முதுமை, மௌனம் எல்லாம் அளவாகக் கலந்தது; யாராவது மேற்கோள் காட்டியிருப்பார்கள். கிழித்துவிட்டேன். இந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததே வசனம் கூடிப்போன வியாதி, நானும் ஒரு வேளைக்கு எழுதிக் கொடுப்பதா? காத்திருப்போம்.]

...

[இன்னும் இல்லை.]

...

"எரியுது" என்றார் அண்ணி. பிறகு, "இல்ல. போகும்போது இல்ல. சும்மா உக்காந்திருக்கும்போதே. துணி பட்டாலே ஒரு மாதிரி... காஞ்சுபோன மாதிரி. உரசுது. இத எல்லாம் எப்படிங்க சொல்றது?"

"இப்பச் சொன்னீங்களே, அப்படித்தான்."

காய்ச்சல்? அது முதல் தடவை. ரத்தம்? இல்லை. முதுகு வலி? இல்லை. அவசரமாகப் போக வேண்டியிருப்பது? ஐயோ, அது உண்டு, வருஷக்கணக்காக உண்டு. புதிதாக ஏதாவது?

"புதுசா ஒண்ணும் இல்ல."

"அப்புறம் இன்னைக்கு ஏன் வந்தீங்க?"

அண்ணி திரும்பி மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

"பட்டை ஊதாவாச்சு" என்றாள் மெதுவாக.

7

டாக்டர் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பரிசோதித்தார். இத்தனை தடவையில் யாரும் அங்கே பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் அண்ணிக்கு உறைத்தது. மாதவிலக்கு நின்ற பிறகு அந்த இடத்துத் தோல் மெலிந்து உலர்ந்துபோகும்; எரிச்சலும் அவசரமும் அதனாலேயே வரலாம், நிஜத் தொற்றும் அதனால் சுலபமாக ஏறலாம் என்று டாக்டர் சொன்னார். உள்ளே தடவ ஒரு களிம்பு எழுதினார். ஒரே வாரத்தில் அற்புதம் நடக்காது, மாதக்கணக்கில் பொறுமை வேண்டும் என்றார். சிறுநீர் கழித்த பிறகு பையில் மிச்சம் தங்குகிறதா என்று ஸ்கேன் பார்த்தார்கள், தங்கவில்லை. அங்கேயே சுத்தமான குப்பியில், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி, கிருமி வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தண்ணீர் விரதத்தைக் கேட்டபோது மட்டும் டாக்டர் தலையைப் பிடித்துக்கொண்டார். குடிக்காமல் இருந்தால் சிறுநீர் கெட்டியாகி, பை இன்னும் எரிச்சலாகி, இன்னும் அடிக்கடி கூப்பிடும் என்று விளக்கினார். இத்தனை வருஷ விரதம் எதிரிக்குத்தான் உதவியிருக்கிறது என்று அண்ணி வீடுவரை முனகிக்கொண்டே வந்தார்.

சில நாளில் பரிசோதனை முடிவு வந்தது. கிருமி வளர்ந்திருந்தது. மகள் வெற்றிக்கொடி பிடித்த மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினாள்.

டாக்டர் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார். கிருமி இருப்பது வேறு, கிருமியால் நோய் இருப்பது வேறு என்றார்.

"இந்த வயசுல நிறையப் பேருக்கு இது சும்மா குடியிருக்கும்மா. தகராறு பண்ணாத குடித்தனக்காரங்க. மாத்திரை போட்டு இவங்களக் காலி பண்ணினா, அந்த இடத்துக்கு ரவுடிங்கதான் வருவாங்க."

அப்படியானால் இதுவரை வந்தது எல்லாம் பொய்யா என்று மகள் கேட்டாள். முதலில் வந்தது நிஜம் என்றார் டாக்டர். நடுவில் ஒன்றிரண்டு நிஜமாக இருந்திருக்கலாம். தெரியாது, ஏனென்றால் மாத்திரைக்கு முன்னால் யாரும் கிருமி வளர்த்துப் பார்க்கவில்லை. "நானும்தான் பாக்கல" என்றார், டப்பாவைத் திறந்துகொண்டே. நான் அந்தப் பெண்மணியை மதிக்கத் தொடங்கியது அந்த ஒரு வாய்ச் சோற்றிலிருந்துதான்.

புதிதாக எரிச்சலோ காய்ச்சலோ ரத்தமோ வந்தால் உடனே வர வேண்டும், மாத்திரை விழுங்கும் முன் சிறுநீர் கொடுக்க வேண்டும். ஒன்றும் இல்லாதபோது பட்டையை நனைக்கக் கூடாது என்றார். மகள் டப்பாவைக் குப்பையில் வீசும் காட்சி எழுத ஆசைப்பட்டேன். அவள் வீசவில்லை. பரண்மேல் வைத்தாள். எழுத்தாளன் சொன்னான் என்பதற்காக யாரும் ஒரே பத்தியில் தைரியசாலி ஆகிவிடுவதில்லை.

8

மாதங்கள் ஓடின. (நாவலாக இருந்தால் இங்கே மழைக்காலம் வரும்.) உரசல் குறைந்தது, அவசரம் நிதானத்துக்கு வந்தது. இப்போது முழு ஒத்திகை. இரண்டாம் அங்கம் பாதி தாண்டிவிட்டது. அண்ணி மேஜைமேல் செத்துக் கிடக்கிறார். மாலையில் தண்ணீரும் குடித்திருக்கிறார்.

முடிவுகள் கையில் இருக்கின்றன. ஒன்று: அவர் அசையவே இல்லை, அங்கம் முடிகிறது, இயக்குநர் தோற்கிறார். நீதிக்கதை, குழந்தைகளுக்குப் பிடிக்கும். இன்னொன்று: பாதியில் பழைய அவசரம் வந்து எழுந்து ஓடுகிறார். துயரம், பரிசு கிடைக்கும். மூன்றாவது, அவர் எழுந்து உட்கார்ந்து இயக்குநரிடம் ஒரு நீண்ட

[வசனமா? கூடாது என்று முடிவு செய்தோமே.]

ஓரத்தில் நின்று இயக்குநர் மெல்லத் தொண்டையைக் கனைக்கிறார். ஒத்திகைதானே, பார்த்துவிடலாம் என்று நீல விளக்கைப் போடச் சொல்லியிருக்கிறார். புல்லாங்குழலும் தொடங்கிவிட்டது. மூத்த மகன் நெஞ்சில் கைவைத்து நிற்கிறார். எல்லோரும் துணியையே பார்க்கிறார்கள்.

துணிக்குள்ளே அண்ணி கவனிக்கிறார். அடிவயிறு அமைதியாக இருக்கிறது. அது கூப்பிடவில்லை, விரட்டவில்லை. இத்தனை காலத்தில் இந்த அங்கத்தில், இந்த இடத்தில், எழுவதா கிடப்பதா என்பது முதல்முறையாக அவர் கையில் இருக்கிறது. கிடக்கலாம், ஜெயித்ததாக ஆகும். எழலாம், அந்த நீல விளக்கு தன்மேல் எப்படி விழுகிறது என்று ஒரு நடிகைக்குப் பார்க்க ஆசை இருக்காதா? உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வருகிறது. பிணத்துக்கு அது அடுக்காது, ஆனால் துணிக்குள்ளே யாருக்குத் தெரியும்.

என்ன செய்தார் என்று நான் சொல்லப்போவதில்லை. அவருக்குப் பதிலாகப் பட்டையும் பழைய வசனமும் பேசிப் பேசித்தான் இவ்வளவு மாத்திரை விழுங்க வைத்தன. துணி லேசாக அசைகிறது, மூச்சாகவும் இருக்கலாம். நீங்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள், என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பார்த்து நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். நான் கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன். இல்லை, அர்த்தம் எல்லாம் ஒன்றும் கிடையாது.